பூச்சி சுமந்து வரும் பூ நோய்

கொடுமுடிக்கு வருபவர்கள் காவிரியில் முழுகியதும் கோயிலுக்குத்தான் போகிறார்கள். மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என்று மும்மூர்த்திகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் தலம் அது. எந்தச் சன்னதிக்குப் போவதானாலும் கையில் பூ வேண்டும். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் கொண்டுபோகும் தீர்த்தக் காவடியிலும் பூ இல்லாமல் இருக்காது. கொங்கு நாட்டில் கோயில், கல்யாணம், இழவு எதுவும் பூ இல்லாமல் நடப்பதில்லை. மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கின்றன. செவ்வந்தியும் செண்டுமல்லியும் கிணற்றுப் பாசனமும் சொட்டு நீரும் உள்ள இடமெல்லாம் நடப்படுகின்றன.

இந்தப் பூக்காடுகளில் சில சமயம் விளங்காத ஒன்று நடக்கும். நட்டு ஒன்றரை மாதம் ஆன செவ்வந்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் மட்டும் வெளிறும். இலையில் வட்டம் வட்டமாக மஞ்சள் கோடு விழும். தண்டில் கருத்த கீற்று ஓடும். குருத்து ஒரு பக்கமாக வளைந்து காயும். மொட்டு வந்தாலும் பாதிதான் விரியும். உரக்குறை என்று நினைத்து நுண்ணூட்டம் தெளிப்பார்கள், வேர் அழுகல் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். எதற்கும் செடி தேறாது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பக்கத்துப் பாத்தியிலும் அதே வாட்டம் தெரியும். கடைசியில் மருந்துக்கடையில் போய், "பேன் விழுந்திருக்குமாட்ட இருக்குதுங்க, நல்ல மருந்தாக் குடுங்க" என்று கேட்பார்கள்.

பேன், அதாவது இலைப்பேன், விழுந்தது உண்மைதான். ஆனால் செடியைக் கெடுப்பது பேன் உறிஞ்சும் சாறு மட்டும் அல்ல, பேன் தன் வாயில் கொண்டுவந்து செடிக்குள் விட்டுப்போன வைரஸ்தான் பெரிய சேதம் செய்கிறது. அது உள்ளே புகுந்த பிறகு பேனைக் கொன்று பயனில்லை. பூச்சிகள் பூச்செடிகளுக்கு நோய் பரப்பும் விதம் தெரியாததால் ஆண்டுதோறும் பணமும் மருந்தும் வீணாகின்றன. விதம் தெரிந்தால் தடுக்க வழி உண்டு.

தானாக நகராத நோய்

செடியின் ஒவ்வொரு செல்லையும் தடித்த சுவர் சூழ்ந்திருக்கிறது. வைரஸால் அந்தச் சுவரைத் துளைக்க முடியாது. அதற்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. யாராவது சுவரில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுபோய் விட வேண்டும். அந்த வேலையைச் சாறு உறிஞ்சும் பூச்சிகள் செய்கின்றன. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி ஆகியவற்றின் வாய் ஊசி மருந்து போடும் ஊசியைப் போன்றது: இலையில் குத்தி, எச்சிலை உள்ளே விட்டு, சாற்றை மேலே இழுக்கும். இலைப்பேன் சற்று வேறு மாதிரி. அது செல்லைக் கிழித்து உள்ளிருப்பதை உறிஞ்சும். நோயுள்ள செடியில் குத்திய வாய் நல்ல செடியில் குத்தும்போது வைரஸ் இடம் மாறுகிறது.

இப்படி ஒரு நுண்ணிய நோய்க்காரணி இருப்பதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெரியவந்தது. 1892இல் ரஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயை உண்டாக்கியது. 1898இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெயரிங்க் இது பாக்டீரியாவே அல்ல, வேறு வகைத் தொற்று என்று நிலைநாட்டி அதற்கு வைரஸ் என்ற பெயரைக் கொடுத்தார். அதே காலத்தில் ஜப்பானில் ஹஷிமோட்டோ என்ற விவசாயி, நெல்லைக் குட்டையாக்கும் நோய்க்கும் தத்துப்பூச்சிக்கும் தொடர்பு இருப்பதைத் தன் வயலிலேயே சோதித்துக் கண்டறிந்தார். பூச்சி பயிர்நோயைப் பரப்பும் என்ற எண்ணம் வயலிலிருந்தே கிளம்பியது என்று சொல்லலாம்.

நோய்க்கு விலை கொடுத்த நாடு

வைரஸ் என்ற பெயர் பிறப்பதற்கு 260 ஆண்டுகளுக்கு முன்பே அதே நெதர்லாந்து ஒரு பூ வைரஸுக்குச் சொத்தை எழுதி வைத்தது. 1630களில் அங்கே டூலிப் கிழங்குகளுக்குப் பைத்தியக்காரத்தனமான கிராக்கி ஏற்பட்டது. ஒரே நிறப் பூவுக்கு அவ்வளவு மதிப்பில்லை. வெள்ளை இதழில் சிவப்போ ஊதாவோ தீச்சுடர் போலக் கீற்றிட்ட பூவைத்தான் எல்லோரும் தேடினார்கள். செம்பர் அகஸ்டஸ் என்ற வகையின் ஒரு கிழங்குக்கு ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில் ஒரு வீட்டின் விலை கேட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1637 பிப்ரவரியில் ஹார்லெம் நகரில் ஏலத்துக்கு ஆள் வராமல் போகவே சந்தை சரிந்தது.

ஒரே நிறமாகப் பூத்த கிழங்கு அடுத்த ஆண்டு திடீரென்று கீற்றுப் பூ கொடுத்தது ஏன் என்று அன்றைய தோட்டக்காரர்களுக்குப் புரியவில்லை. மண்ணை மாற்றினார்கள், உரத்தை மாற்றினார்கள். 1928இல்தான் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தில் டாரதி கேய்லி என்ற பெண் அறிஞர் விடை கண்டார். கீற்றுள்ள கிழங்கின் துண்டை நல்ல கிழங்கில் ஒட்டவைத்தபோது நல்லதும் கீற்றுப் பூ பூத்தது. ஆக அது தொற்று. அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினி என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. வைரஸ் இதழின் நிறமியைச் சில இடங்களில் உருவாக விடாமல் தடுக்கிறது. அந்த இடங்களில் அடி வெள்ளை தெரிகிறது. மக்கள் அழகு என்று கொண்டாடியது அந்தக் குறையைத்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நோயுற்ற கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு இளைக்கும், குட்டிக் கிழங்கு குறைவாகவே விடும். அதனால் கீற்று வகை என்றும் அரிதாகவே இருந்தது, அரிதானதால் விலை ஏறியது. அன்று பெயர்பெற்ற கீற்று வகைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. இப்போது கடைகளில் கிடைக்கும் கோடு போட்ட டூலிப்கள் மரபணுவிலேயே கோடு உள்ளவை. அவற்றில் வைரஸ் இல்லை.

நொடியில் முடியும் வேலை

டூலிப்பைக் கெடுத்த அதே வகை அசுவினிகள் நம் தோட்டங்களிலும் உண்டு. கொடுமுடி வட்டாரத்து வாழை விவசாயிக்கு அசுவினி புதிதல்ல. வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்புவது வாழை அசுவினிதான். பழனி மலைப் பகுதியில் பேர்போன விருப்பாச்சி மலைவாழையின் பெரும்பகுதியை அழித்தது அந்த நோய். பூச்செடிகளில் அசுவினி கொண்டுவரும் முக்கியமான வைரஸ் வெள்ளரித் தேமல் வைரஸ். பெயரில் வெள்ளரி இருந்தாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் அது வாழும். செவ்வந்தி, லில்லி, கிளாடியோலஸ் எதையும் விடாது. சம்பங்கிக்கென்றே தனித் தேமல் வைரஸ் ஒன்று இருக்கிறது. இலையில் வெளிர்ப்பச்சைக் கீற்று விழும், பூங்கொத்து நீளம் குறையும். இதையும் அசுவினிதான் கடத்துகிறது.

அசுவினி ஒரு செடியில் இறங்கியதும் உடனே சாறு குடிக்க உட்காராது. இது தனக்கேற்ற செடிதானா என்று தெரிந்துகொள்ள மேல்தோலில் லேசாகக் குத்திச் சுவை பார்க்கும். அந்தச் சில நொடிகள் போதும், வைரஸ் வாய் நுனியில் ஒட்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பறந்து அடுத்த செடியில் குத்தும். அந்தக் குத்தில் வைரஸ் இறங்கிவிடும். பூச்சிக்கொல்லி அடித்த செடியாக இருந்தாலும் அசுவினி சாவதற்குச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்குள் வேலை முடிந்திருக்கும். சில மருந்துகள் அசுவினியை எரிச்சலூட்டி, ஒரே இடத்தில் உட்காரவிடாமல் செடி செடியாகத் தாவ வைக்கின்றன. மருந்து அடித்த பிறகு நோய் கூடியதாக விவசாயிகள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

வைரஸும் இதற்குத் தோதாகச் செடியை மாற்றிவைக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைக் காட்டினார்கள். வெள்ளரித் தேமல் வைரஸ் புகுந்த பூசணிச் செடி, நல்ல செடியைவிட அதிக மணத்தை வெளியிட்டு அசுவினியை இழுக்கிறது. வந்து குத்திப் பார்த்தால் சுவை மட்டம். அசுவினி உடனே கிளம்பிவிடுகிறது, வைரஸைச் சுமந்துகொண்டு. நொடியில் ஏறி நொடியில் இறங்க வேண்டிய வைரஸுக்கு இதைவிட வசதி வேறில்லை.

கோவை, திருப்பூர், கரூர் வட்டாரங்களில் இன்னொரு துணையும் சேர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று, தானாக வெகுதூரம் பறக்கத் தெரியாத அசுவினியையும் இலைப்பேனையும் தோட்டம் விட்டுத் தோட்டம் தூக்கிப் போகிறது.

நீலகிரியில் பிடிபட்ட வைரஸ்

உலகப் பூ வணிகம் மிகவும் அஞ்சும் வைரஸ்களில் ஒன்று தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ். 1915இல் ஆஸ்திரேலியாவில் இந்த நோய் முதலில் காணப்பட்டது. 1927இல் இலைப்பேன் அதைப் பரப்புவது தெரிந்தது. தக்காளியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாக்கும், அவற்றில் அலங்காரச் செடிகள் ஏராளம். இதற்கு இனமான நிலக்கடலைக் குருத்துக் கருகல் வைரஸ் நம் ஊரில் வெகுகாலமாக உண்டு. கோவைப் பக்கத் தக்காளி விவசாயிகள் அதனிடம் நிறைய இழந்திருக்கிறார்கள். ஆனால் புள்ளி வாடல் வைரஸ் இந்தியாவில் செவ்வந்தியில் இருப்பதாக முதல் அறிக்கை வந்தது 2015இல்தான். நீலகிரி மாவட்டத்துச் செவ்வந்தியில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டவர்கள் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தது.

நீலகிரி என்பதைக் கவனிக்க வேண்டும். கார்னேஷன், ஜெர்பரா, லில்லியம், செவ்வந்தி என்று கொய்மலர்கள் பசுமைக்குடில்களில் வளரும் மலை அது. அங்கே வரும் நாற்றும் கிழங்கும் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகின்றன. அங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் கொங்குச் சமவெளி. மலையில் ஒரு வைரஸ் காலூன்றினால் கீழே தக்காளியும் மிளகாயும் செவ்வந்தியும் அதற்குத் தொலைவில் இல்லை.

இலைப்பேன் இந்த வைரஸைக் கடத்தும் முறை அசுவினியின் முறைக்கு நேர் எதிரானது. இலைப்பேன் குஞ்சாக இருக்கும்போது நோயுள்ள செடியில் சாறு குடித்தால்தான் வைரஸ் அதன் உடம்பில் குடியேறும். வளர்ந்த பேன் எத்தனை நோய்ச்செடியில் உட்கார்ந்தாலும் புதிதாக வைரஸைப் பரப்பாது. குஞ்சிலேயே வாங்கிய வைரஸோ பேனின் உடம்புக்குள் பெருகி, எச்சில் சுரப்பியை அடைந்து, அது சாகும்வரை கூடவே இருக்கும். செடியின் வைரஸ் ஒரு பூச்சிக்குள்ளும் வாழ்ந்து பெருகுகிறது.

இதிலிருந்து விவசாயிக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நோய்ச்செடி வயலிலேயே நின்றால் அதில் பேன் முட்டையிடும், குஞ்சுகள் அதிலேயே வளரும், ஒவ்வொன்றும் வைரஸைச் சுமந்துகொண்டு பறக்கும். அந்தச் செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிவிட்டால் அடுத்த தலைமுறைப் பேன்களுக்கு வைரஸ் கிடைக்காது. 'பூ வருதே, இன்னும் ரெண்டு பறிப்பு பறிச்சுக்கலாம்' என்று விட்டுவைக்கும் ஒரு செடி நூறு செடிக்கு நோய் கொடுக்கும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து 2011இல் வெளியான ஆய்வு இன்னொரு விஷயத்தையும் காட்டியது. இந்த வைரஸ் தொற்றிய ஆண் இலைப்பேன்கள் தொற்றாதவற்றைவிட மூன்று மடங்கு வரை அதிக முறை செடியைக் குத்துகின்றன. குத்து கூடினால் பரவலும் கூடும். பேனின் நடத்தையையே வைரஸ் தனக்கேற்ப மாற்றுகிறது.

மகரந்தத்தில் ஏறி வந்த சேதம்

பூவோடு நேரடியாகத் தொடர்புள்ள மூன்றாவது வழியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலை கூட்டம் கூட்டமாகக் கருகியது. ஏறத்தாழ 2,25,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது, சேதம் 300 கோடி ரூபாயைத் தாண்டியதாக மதிப்பிட்டார்கள். காரணம் புகையிலைக் கீற்று வைரஸ். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் கர்நாடகத்தில் சூரியகாந்தியைக் கருக்கியதும் அதேதான்.

அது வந்த வழி விசித்திரமானது. வரப்பிலும் சாலையோரத்திலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியச் செடி இந்த வைரஸைத் தாங்கிக்கொண்டு எந்த நோய்க்குறியும் காட்டாமல் செழித்து நிற்கும். அதன் மகரந்தத்தில் வைரஸ் இருக்கும். இலைப்பேன் பூவுக்குள் புகுந்து வரும்போது அந்த மகரந்தம் உடம்பில் ஒட்டும். அடுத்த செடிக்குப் போய் இலையைக் கிழிக்கும்போது, மகரந்தத்திலிருந்த வைரஸ் அந்தக் காயத்தின் வழியே இறங்கும். இங்கே பேனின் உடம்புக்குள் வைரஸ் போகவே இல்லை. செண்டுமல்லியும் சூரியகாந்தியும் இந்த வைரஸ் வாழும் செடிகள்தான். கொங்கு நாட்டில் பார்த்தீனியம் இல்லாத வரப்பு அரிது. பூப்பதற்கு முன்பே அதைப் பிடுங்குவது ஆஸ்துமாக்காரர்களுக்கு மட்டும் செய்யும் உபகாரம் அல்ல.

வெள்ளை ஈயும் ஒரு பேரரசியும்

இலைக்கு அடியில் மாவு தூவியது போல உட்கார்ந்திருந்து, தட்டினால் புகையாய் எழும்பும் வெள்ளை ஈயை வெண்டை, பருத்தி போட்டவர்கள் எல்லோரும் அறிவார்கள். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாவது அதன் வேலை. அதே குடும்பத்துச் செடி செம்பருத்தி. இலை சுருண்டு, அடிப்பக்க நரம்பு தடித்து வளரும் நோய் செம்பருத்தியில் வருகிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான வைரஸையும் வெள்ளை ஈ அதைக் கடத்துவதையும் 2005இல் விவரித்தார்கள். பருத்தி, வெண்டை, செம்பருத்தி, வரப்புத் துத்தி எல்லாமே ஒரே குடும்பம் என்பதால் வெள்ளை ஈக்கு இங்கே விருந்து ஓய்வதே இல்லை.

வெள்ளை ஈ வைரஸை வாங்கச் சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரம் வரை அமைதியாகச் சாறு குடிக்க வேண்டும். வாங்கிய வைரஸ் குடல் வழியே உடம்பெல்லாம் சுற்றி எச்சிலுக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அதன்பின் வாரக்கணக்கில் பரப்பும். அதனால் வெள்ளை ஈயின் எண்ணிக்கையைக் குறைத்தால் நோயும் ஓரளவு குறையும். அசுவினிக்கு மருந்து பயன்படாது, வெள்ளை ஈக்குச் சிறிது பயன்படும் என்பதன் காரணம் இதுவே.

வெள்ளை ஈ பரப்பும் நோய்க்கு வயது அதிகம். கி.பி. 752இல் ஜப்பானியப் பேரரசி கோகென் எழுதிய ஒரு கவிதை, கோடைக் காலத்திலேயே மஞ்சளாகிவிட்ட ஒரு செடியைப் பற்றிப் பேசுகிறது. இலையுதிர் காலம் வருமுன் அது ஏன் மஞ்சளானது? 2003இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொன்னது: வெள்ளை ஈ கடத்தும் வைரஸும் அதோடு ஒட்டி வாழும் துணை மரபணுத் துண்டும் சேர்ந்து உண்டாக்கும் நரம்பு மஞ்சள் நோய் அது. செடிகளின் வைரஸ் நோய் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய பதிவு இதுதான் என்று கருதுகிறார்கள்.

வெள்ளை ஈயை உலகெங்கும் கொண்டுபோனதில் பூ வணிகத்துக்குப் பங்குண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் தொட்டியில் விற்கும் பாய்ன்செட்டியாச் செடிகளோடு ஒரு வீரியமான வெள்ளை ஈ வகை 1980களில் கண்டம் விட்டுக் கண்டம் போனது. மேற்கத்திய பூ இலைப்பேனும் அப்படித்தான். 1970களின் இறுதிவரை மேற்கு அமெரிக்காவில் இருந்த அது, வெட்டிய பூவிலும் நாற்றிலும் ஏறி 1983இல் நெதர்லாந்தை அடைந்தது. 2015இல் இந்தியாவிலும் பதிவானது.

எல்லாப் பழியும் பூச்சிக்கு அல்ல

பூச்செடியில் வரும் எல்லாத் தேமலுக்கும் பூச்சியைக் குற்றம் சொல்ல முடியாது. ரோஜாவில் இலையில் மஞ்சள் கோலம் போடும் தேமல், பெரும்பாலும் மொட்டுக்கட்டும்போது நோயுள்ள தாய்ச்செடியிலிருந்து வருகிறது. அதைப் பரப்புவது கத்தி பிடித்த கை. மல்லிகையில் மொட்டு வரவேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து வருவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அது வைரஸ் அல்ல, பைட்டோபிளாஸ்மா என்ற சுவரில்லாத நுண்ணுயிரி. 1967இல் ஜப்பானியர்கள் மின்னணு நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கும்வரை இதையும் வைரஸ் என்றே நினைத்தார்கள். இந்த இனத்து நோய்களைப் பெரும்பாலும் தத்துப்பூச்சிகள் கடத்துகின்றன. ஆஸ்டர் பூவின் மஞ்சள் நோயைத் தத்துப்பூச்சி பரப்புவதை அமெரிக்காவில் கங்கெல் 1926இல் நிரூபித்தார். காகிதப்பூ, கல்வாழை ஆகியவற்றில் சில வைரஸ்களை மாவுப்பூச்சி நகர்த்துகிறது.

துத்தி இனத்து அலங்காரச் செடியான பூந்துத்தியின் கதை இவை எல்லாவற்றிலும் வேறானது. 1868இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த செடிகளில் ஒன்றில் மஞ்சள் புள்ளிகள் இருந்தன. அழகாக இருக்கிறதே என்று பதியனும் ஒட்டும் போட்டு வளர்த்தார்கள். அது வைரஸ். ஒட்டுக் கட்டும் கத்தியே நூறாண்டுகளுக்கும் மேலாகப் பரப்பிக்கொண்டிருந்ததால் அந்த வைரஸுக்கு வெள்ளை ஈயின் தேவை போயிற்று. காலப்போக்கில் பூச்சி வழியாகப் பரவும் திறனையே அது இழந்துவிட்டது. பூச்சி செய்யும் வேலையை மனிதன் முழுமையாக ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

நாற்றிலேயே வரும் நோய்

செவ்வந்தியை விதை போட்டு வளர்ப்பதில்லை. பழைய செடியின் பக்கக்கன்றையோ குருத்தையோ வேர் விடவைத்து நடுகிறார்கள். சம்பங்கி கிழங்கில் பெருகுகிறது, மல்லிகை பதியனில். விதையில் பெரும்பாலான வைரஸ்கள் ஏறுவதில்லை. கன்றிலும் கிழங்கிலும் பதியனிலும் அப்படியே ஏறும். நோயுள்ள ஒரு தாய்ச்செடியிலிருந்து எடுத்த நூறு கன்றும் நோயோடு பிறந்தவைதான். அவை ஊர் ஊராக விற்கப்பட்ட பிறகு, எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருக்கும் பேனும் அசுவினியும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பூச்சி நோயைச் சில வயல் தூரம்தான் கொண்டுபோகும். நாற்று வண்டி மாவட்டம் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

இதற்கு வழி பிறந்ததும் ஒரு பூச்செடியில்தான். 1952இல் பிரான்ஸில் மோரெல், மார்ட்டின் என்ற இருவர் வைரஸ் பிடித்த டாலியாச் செடியின் வளர்நுனியை மட்டும் மிக நுணுக்கமாக வெட்டி, கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்து வளர்த்தார்கள். வேகமாகப் பிளந்து வளரும் அந்தச் சிறு நுனிக்குள் வைரஸ் எட்டுவதில்லை. வளர்ந்து வந்த டாலியா நோயற்றதாக இருந்தது. இன்று வாழை, கார்னேஷன், ஜெர்பரா என்று திசு வளர்ப்பில் கோடிக்கணக்கில் கன்றுகள் உருவாவதற்கு அடித்தளம் இட்ட சோதனைகளில் அதுவும் ஒன்று.

டூலிப்பில் சூடுபட்ட நெதர்லாந்து, 1923இலேயே பூக்கிழங்குகளைச் சோதிக்கத் தனி அமைப்பை உருவாக்கிவிட்டது. அதன் ஆய்வாளர்கள் வயலில் இறங்கி நோய்ச்செடியைத் தேடுகிறார்கள். தேறாத கிழங்கு சந்தைக்குப் போகாது. இந்தியாவிலும் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை 2006 முதல் இருக்கிறது. ஆனால் அது திசு வளர்ப்புக்கு மட்டும். கன்றிலும் கிழங்கிலும் பதியனிலும் கைமாறும் செவ்வந்தி, சம்பங்கி, மல்லிகை அதன் வரம்புக்குள் வராது.

தோட்டத்தில் செய்யக் கூடியவை

வைரஸ் பிடித்த செடியைக் குணமாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்பவரிடம் வாங்க வேண்டாம். செய்யக் கூடியதெல்லாம் வருமுன் காப்பதுதான்.

முதலில் நோயை அடையாளம் காண வேண்டும். சத்துக்குறை என்றால் வயல் முழுதும் ஒரே சீராக வெளிறும். வைரஸ் அங்கங்கே தனிச்செடிகளில் தொடங்கும், பெரும்பாலும் ஓரத்திலிருந்தோ காற்று வரும் பக்கத்திலிருந்தோ. வளையம், கீற்று, ஒருபக்கச் சுருட்டல் தெரிந்தால் இலையைப் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ காட்டுவது நல்லது. சந்தேகமான செடியைப் பிடுங்கும்போது அதன் மேலிருக்கும் பேனும் ஈயும் உதிராமல் சாக்குப்பையால் மூடிப் பிடுங்கி, வயலுக்கு வெளியே எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். வரப்பில் போட்டுவைத்தால் பூச்சி எழுந்து மறுபடி வயலுக்குள் போகும்.

நாற்றங்காலை நுண்வலை கட்டி மூட வேண்டும். 40 முதல் 50 மெஷ் வலை வெள்ளை ஈயையும் அசுவினியையும் தடுக்கும், இலைப்பேனுக்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும். வயலைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ இரண்டு மூன்று வரிசை நட்டால், பறந்து வரும் அசுவினி முதலில் அதில் குத்தி வாயிலிருக்கும் வைரஸை அங்கேயே இழந்துவிடும். வெள்ளி நிற மூடாக்கில் பட்டுத் திரும்பும் ஒளி அசுவினியையும் பேனையும் இறங்க விடாமல் குழப்பும். மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும், நீல ஒட்டுப்பொறி இலைப்பேனுக்கும். பொறி பூச்சியை ஒழித்துவிடாது. எப்போது பெருகத் தொடங்குகிறது என்று காட்டும், மாசி பங்குனி வெயிலில் அந்தத் தகவல் மிகவும் முக்கியம். வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளிப்பதும், மருந்து அடித்தே ஆகவேண்டுமானால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றுவதும் பூச்சிக்கு எதிர்ப்பு வளராமல் தடுக்கும். தக்காளி, மிளகாய் வயலை ஒட்டிச் செவ்வந்தி நடுவதைத் தவிர்க்கலாம். பழைய செவ்வந்தி முடிந்ததும் அடிக்கட்டையைத் துளிர்க்க விட்டு அதிலிருந்தே அடுத்த நடவுக்குக் கன்று எடுக்கும் வழக்கம் நோயைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றித் தருகிறது. நோய் கண்ட வயலில் அதைக் கைவிட வேண்டும்.

வீட்டில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். இலை சுருண்ட செம்பருத்தியிலிருந்து குச்சி ஒடித்து அக்கம்பக்கத்தில் கொடுக்கக் கூடாது. ஒரு செடியை வெட்டிய கத்தரியைக் கழுவித் துடைத்தபிறகே அடுத்ததில் வைக்க வேண்டும்.

ஆனால் விவசாயி தன் வயலில் எவ்வளவு பார்த்துச் செய்தாலும், வாங்கிவரும் நாற்று நோயோடு வந்தால் எல்லாம் வீண். ஆகவே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. செவ்வந்திக்கும் சம்பங்கிக்கும் மல்லிகைக்கும் வைரஸ் சோதனை செய்த தாய்ச்செடித் தோட்டங்களை அரசு அமைக்க வேண்டும். சோதிப்பதற்கான அறிவும் ஆய்வகமும் கோவையிலேயே இருக்கின்றன, நீலகிரி வைரஸைப் பிடித்ததே அதற்குச் சாட்சி. அங்கிருந்து எடுத்த கன்று, கிழங்கு, பதியன் தோட்டக்கலைத் துறை வழியாக விவசாயியின் கைக்கு வர வேண்டும், தனியார் நாற்றங்கால்களும் சோதனைக்கு உட்பட வேண்டும். அதுவரை நாற்று வாங்கப் போகும் ஒவ்வொருவரும் கன்றை மட்டும் பார்த்து விலை பேசாமல், "தாய்ச்செடி எங்கிருக்குதுங்க, ஒருக்காப் பாக்கலாங்களா?" என்று கேட்கட்டும். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்க வேண்டாம்.